யார் சொல் கேட்டு மலை ஏறுவது?

நட்சத்திரம் பார்க்க வேண்டுமென்றால் மூன்று பேருடைய சம்மதம் வேண்டும். முதலாவது சந்திரன். அவன் ஆகாயத்தில் உலவும் வரையில் பால்வீதி தலை காட்டாது. இரண்டாவது ஊர் விளக்கு. மூன்றாவது மேகம்.

முதல் இரண்டு பேரோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அமாவாசை என்றைக்கு என்பதை வருஷ ஆரம்பத்திலேயே பஞ்சாங்கம் சொல்லிவிடுகிறது; அது தவறுவதில்லை. ஊர் விளக்கின் தொல்லை வேண்டாமென்றால் ஒரு வேனைப் பிடித்து ஜவ்வாது மலைக்கோ கொல்லி மலைக்கோ போய்விடலாம். கைச்செலவுதானே தவிர அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. மேகம் ஒன்றுதான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

மேகத்துக்கும் நமக்கும் நடுவே தரகு பேச இப்போது கைப்பேசிக்குள்ளே சிலர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வானிலைச் செயலிகள் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. வீட்டில் பிள்ளைகள் ‘ஆப்’ என்கிறார்கள். நட்சத்திரம் பார்ப்பதில் ருசி கண்டவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், க்ஷேமம் விசாரித்து முடிவதற்குள், “நீங்கள் எந்த ஆப் பார்க்கிறீர்கள்?” என்ற கேள்வி வந்துவிடுகிறது. எந்தக் கடையில் காப்பிப் பொடி வாங்குகிறீர்கள் என்று கேட்பது போலத்தான் அது காதில் விழும். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால், மனிதன் வெகு காலமாகக் கேட்டுவரும் சில கேள்விகள் அதற்குள்ளே இருப்பது தெரிகிறது. யாருடைய சொல்லை நம்புவது? எதற்காக நம்புவது? நம்பிப் போய் ஏமாந்தால் பழி சொன்னவனுடையதா, கேட்டவனுடையதா?

குடியாத்தம் பக்கத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். அரசுப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து எட்டு அங்குல தொலைநோக்கி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். மாசியிலும் பங்குனியிலும் அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போனால், மாலை ஐந்து மணிக்கு ஒரு காட்சியைப் பார்க்கலாம். அவர் கைப்பேசியில் ஐந்து செயலிகள் உண்டு. முதலாவதைத் திறப்பார். “மேகம் என்கிறான் சார்” என்று முகம் வாடும். இரண்டாவதைத் திறப்பார். அதுவும் சரியாகச் சொல்லாது. மூன்றாவதில் பச்சைக் கட்டங்கள் வரிசையாக நிற்கும். “இவன் தெளிவு என்கிறான்!” என்று எழுந்து சட்டையை மாட்டிக்கொள்வார்.

இதில் நான் கவனித்த சங்கதி ஒன்று. முதல் செயலியே தெளிவு என்று சொல்லிவிட்டால் அவர் இரண்டாவதைத் திறப்பதே இல்லை. ஐந்து பேரிடம் ஆலோசனை கேட்கிறவர் போலத் தோன்றும். உண்மையில் அவர் போகலாம் என்று முன்பே தீர்மானித்துவிட்டார்; அதற்குக் கையெழுத்துப் போட ஆள் தேடுகிறார். கையெழுத்துக் கிடைத்த இடத்தில் தேடல் நின்றுவிடுகிறது.

இதைச் சொல்லி அவரைக் குறை கூறுவதாக நினைக்க வேண்டாம். நம் வீடுகளில் கல்யாணப் பொருத்தம் பார்ப்பது எப்படி நடக்கிறது? பையனைப் பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது. இரு வீட்டாருக்கும் சம்மதம். ஜோசியர் ஜாதகத்தைப் புரட்டி, ரஜ்ஜு தட்டுகிறது என்கிறார். உடனே மாமா, “அவர் பழைய காலத்து மனுஷர், வாக்கியப் பஞ்சாங்கம் வைத்துப் பார்க்கிறார். திருக்கணிதம் பார்க்கிற ஒருவர் காட்பாடியில் இருக்கிறார், அவரிடம் காட்டுவோம்” என்கிறார். பையனைப் பிடிக்காமல் போயிருந்தால் முதல் ஜோசியரே மகா நிபுணர். பஞ்சாங்கம் இரண்டு இருப்பதன் சௌகரியம் அது. செயலி ஐந்து இருப்பதன் சௌகரியமும் அதுதான். விஞ்ஞானம் வந்த பிறகு மனிதன் கேட்கும் கேள்வி மாறியிருக்கிறது. கேட்கும் மனசு அவ்வளவாக மாறவில்லை.

ஆகவே எந்தச் செயலி நல்லது என்று ஆராய்வதற்கு முன்னால், அவை பேசுவது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. இதில் பலருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. ஐந்து செயலிகள் என்றால் ஐந்து சாட்சிகள் என்று எண்ணிவிடுகிறோம். அப்படியல்ல. உலகம் முழுவதற்கும் வானிலையைக் கணக்கிடும் பெரிய அடுப்படிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஐரோப்பிய நாடுகள் கூடி நடத்தும் மையம் ஒன்று. அதன் தலைமையிடம் இங்கிலாந்தில் ரெடிங் என்ற ஊர். பூமியை ஏறக்குறைய 9 கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு கணக்கிடுகிறது. அமெரிக்க அரசாங்கம் நடத்தும் ஜி.எஃப்.எஸ். இன்னொன்று, கட்டம் சுமார் 13 கிலோமீட்டர், நாளுக்கு நான்கு தரம் புதுக் கணக்கு. ஜெர்மனியின் ஐகான் என்ற முறை உண்டு. நம் நாட்டிலும் புனேயில் உருவான பாரத் முன்னறிவிப்பு முறையை 2025 மே மாதம் தொடங்கி வைத்தார்கள். அதன் கட்டம் 6 கிலோமீட்டர். பெரும்பாலான செயலிகள் இந்த அடுப்படிகளில் ஏதோ ஒன்றில் வெந்ததை வாங்கி, தம் இலையில் தம் விருப்பப்படி பரிமாறுகின்றன. மூன்று ஓட்டல்களில் சாம்பார் ஒரே ருசியாக இருக்கிறதே என்று வியந்துவிட்டு, பிறகு மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்து வாளியில் வருவதைத் தெரிந்துகொள்வது போல இது.

கோர்ட்டில் மூன்று சாட்சிகள் ஒரே மாதிரிச் சொன்னால் அது பலம். மூவரையும் ஒரே வக்கீல் திண்ணையில் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார் என்று தெரிந்தால், மூன்று என்ற எண்ணுக்கு மதிப்பில்லை. ஆகவே செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, “உன் கணக்கு எங்கிருந்து வருகிறது?” என்பது. இதைச் சொல்லாத செயலியை நான் வைத்துக்கொள்ள மாட்டேன். செக் நாட்டிலிருந்து வரும் விண்டி என்ற செயலி இந்த விஷயத்தில் யோக்கியமானது. ஐரோப்பியக் கணக்கு, அமெரிக்கக் கணக்கு, ஜெர்மானியக் கணக்கு என்று தனித்தனியே பெயர் சொல்லிக் காட்டுகிறது. அடுப்படிகள் வேறு வேறாக இருந்தும் சொல் ஒன்றாக இருக்குமானால், அப்போது அந்த ஒற்றுமைக்கு ஒரு கனம் உண்டு. அவை முரண்பட்டால் அந்த முரண்பாடும் ஒரு செய்திதான். இன்றைக்கு யாருக்கும் நிச்சயமில்லை என்ற செய்தி. அதைத்தான் நாம் கேட்க விரும்புவதில்லை.

இன்னொரு மயக்கம் சதவீதத்தைப் பற்றியது. மழைக்கு 40 சதவீதம் என்றால் அது வாய்ப்பு; பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். மேகம் 40 சதவீதம் என்று போட்டிருந்தால் அது வாய்ப்பு அல்ல, அளவு. வானத்தை நூறு பங்காக வைத்தால் நாற்பது பங்கை மேகம் மூடியிருக்கும் என்று பொருள். அந்த நாற்பதும் எந்த மட்டத்து மேகம் என்பது முக்கியம். தாழ்ந்த மேகம் கண்ணுக்கு நேரே சுவர் எழுப்பிவிடும். உயரத்து மேகம் சல்லாத் துணி மாதிரி. பகலில் பார்த்தால் வானம் நீலமாகவே இருக்கிறதே என்று தோன்றும். இரவில் பிரகாசமான நட்சத்திரங்கள் தெரியும், மங்கலானவை எல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். கிளியர் அவுட்சைட் என்ற செயலியை இங்கிலாந்தில் தொலைநோக்கி விற்பவர்கள் நடத்துகிறார்கள். அது மேகத்தைத் தாழ்வு, நடு, உயரம் என்று மணிக்கு மணி பிரித்துக் காட்டுகிறது. ஸ்விட்ஸர்லாந்தின் மீட்டியோபுளூ, காற்று எவ்வளவு நடுங்கும் என்பதைக்கூடச் சொல்ல முயல்கிறது. சனிக் கிரகத்தின் வளையத்தைப் பார்க்கிறவனுக்கு அது வேண்டும், பால்வீதியைப் பார்க்கிறவனுக்கு அவ்வளவாக வேண்டாம். அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் கிளியர் ஸ்கை சார்ட் என்ற ஒன்றை வானளாவப் புகழ்வார்கள். நல்லதுதான். ஆனால் அது கனடா வானிலை மையத்தின் கணக்கை வைத்து வட அமெரிக்காவுக்கென்று தயாராவது. ஜவ்வாது மலையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டை வாங்கி நாம் மாத்திரை சாப்பிட முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே, கட்டம் என்று சொன்னேனே, அதை மறக்கலாகாது. 9 கிலோமீட்டர்க் கட்டம் ஒன்றுக்குள் ஒரு மலை முகடும் அதன் பள்ளத்தாக்கும் அடிவாரத்துக் கிராமமும் அடங்கிவிடும். கணக்குக்கு அது ஒரே இடம். மலைக்கோ தனக்கென்று ஒரு மேகம் தயாரித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. கீழே வானம் துடைத்து வைத்தாற்போல இருக்க, மேலே போனால் கை நீட்டினால் விரல் தெரியாது. எந்தச் செயலியும் இதில் பொய் சொல்லவில்லை; நாம் கேட்ட இடத்தை அது பார்க்கவே இல்லை.

கிரகணத்தை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நிமிஷ சுத்தமாகச் சொல்கிற மனிதனால், நாளை ராத்திரி மேகத்தை ஏன் சொல்ல முடியவில்லை? இதற்கு விடை தேடினால் எட்வர்ட் லோரென்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியிடம் போய் நிற்போம். 1961-இல் அவர் வானிலையைப் போல நடக்கும் ஒரு சிறிய கணக்கைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார். மறுபடி ஓட்டும்போது 0.506127 என்று போட வேண்டிய இடத்தில் 0.506 என்று சுருக்கிப் போட்டார். பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கு வித்தியாசம். எந்தக் கணக்குப்பிள்ளையும் கண்டுகொள்ள மாட்டான். கொஞ்ச தூரம் இரண்டு கணக்கும் கை கோத்து நடந்தன. பிறகு பிரிந்தன. முடிவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. 1963-இல் அதைக் கட்டுரையாக எழுதினார். கிரகங்களின் பாதையில் சிறு பிழை வெகு காலம் சிறு பிழையாகவே கிடக்கும்; காற்றில் சிறு பிழை சில நாளில் வளர்ந்து வீட்டையே அடைத்துக்கொள்ளும். விஞ்ஞானம் இன்னும் முன்னேறினால் இந்தக் குறை அடியோடு நீங்கிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. குறையும், நீங்காது என்றே தோன்றுகிறது.

ஆகாயத்தின் இந்த இரட்டைச் சுபாவத்தை, கணக்குக்கு அடங்கும் கிரகம், அடங்காத மேகம் என்ற இரண்டையும், ஒரே ஊரில் ஒரே மனிதர் கண்டு அனுபவித்திருக்கிறார். அந்த ஊர் நம் புதுச்சேரி. மனிதர் பிரெஞ்சு வான சாஸ்திரி லெ ஜாந்தி.

சூரியனுக்குக் குறுக்கே சுக்கிரன் ஒரு கரும்புள்ளியாக நகர்வதை அளந்தால் சூரியன் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது அந்தக் காலத்து விஞ்ஞானிகளின் பெரிய ஆசை. 1761-இல் ஒரு தரம், 1769-இல் ஒரு தரம். அதை விட்டால் 1874 வரை காத்திருக்க வேண்டும். லெ ஜாந்தி 1760-இல் பிரான்ஸை விட்டுப் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். நடுவே ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சண்டை. புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது என்று வழியிலேயே செய்தி வந்து கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6-ஆம் தேதி வானம் அற்புதமாக இருந்தது. ஆனால் அவர் இருந்தது ஆடும் கப்பலில். ஆடும் தளத்தில் நின்று எதை அளப்பது? சுக்கிரனைப் பார்த்தார், பயனில்லை.

ஊருக்குத் திரும்பவில்லை. இன்னும் எட்டு வருஷம்தானே என்று இந்து மகாசமுத்திரத்திலேயே தங்கிவிட்டார். மணிலா போனார், அங்கே இருந்த அதிகாரிகளோடு ஒத்து வரவில்லை, மேலிடமும் புதுச்சேரிக்கே போகச் சொன்னது. அதற்குள் ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் வசம் ஆகியிருந்தது. 1768-இல் வந்து சேர்ந்து ஒரு வானிலையம் கட்டிக்கொண்டு காத்திருந்தார். காத்திருந்த நாட்களில் நம்மவர்களின் கிரகணக் கணித முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1765 ஆகஸ்ட் 30-ஆம் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைத் தமிழர் ஒருவர் போட்ட கணக்கோடு ஒத்துப் பார்த்தால் 41 விநாடிதான் வித்தியாசம். ஐரோப்பாவில் பேர்போன மேயரின் அட்டவணைகளோ 68 விநாடி தவறியிருந்தன. இதை அவரே பதிவு செய்திருக்கிறார்.

1769 ஜூன் 4-ஆம் தேதி சூரியோதயத்தில் சுக்கிரன் கடப்பு. அதற்கு முந்திய மாதம் முழுவதும் காலை வேளைகள் தெளிவாகவே இருந்தன. அன்று காலை மேகம் மூடியது. கடப்பு முடிந்தது. சூரியன் வெளியே வந்தது. அதே நாளில் மணிலாவில் வானம் தெளிவாக இருந்ததென்ற செய்தி பிறகு வந்தது. 1771-இல் பாரிஸுக்குத் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டி விஞ்ஞானக் கழகத்தில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். வாரிசுகள் சொத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பொதுவாக ‘ஐயோ, பாவம்’ என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதற்கு அப்பால் ஒரு கேள்வி உண்டு. லெ ஜாந்தி புதுச்சேரியில் காத்திருந்தது தவறான முடிவா? மணிலாவில் வானம் தெளிந்தது என்பதால் மட்டும் அது தவறாகிவிடுமா? அவரிடம் செயலி இல்லை. ஒரு மாதத்துக் காலைகளை அவர் கண்ணால் பார்த்திருந்தார். வைகாசியில் விடியற்காலை வானம் பெரும்பாலும் தெளிவு என்பது நியாயமான அனுமானம். அந்த அனுமானத்தின் மேல் நின்று அவர் செய்தது சரி. பலன் கெட்டது, செயல் கெடவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகாதவரை நமக்கு எந்தச் செயலியும் நல்ல செயலியாக இராது. தவறு சொன்ன மறுநாளே அதை அழித்துவிட்டு இன்னொன்றை இறக்கிக்கொள்வோம். அது ஒரு நாள் தவறும் வரைக்கும் அதைக் கும்பிடுவோம். பத்தில் மூன்று நாள் மேகம் வரும் என்று சொன்னவன், அந்த மூன்று நாளில் ஒரு நாள் நமக்கு வாய்த்துவிட்டால் பொய்யனாகிவிடுகிறான்.

சொல்கிறவன் பக்கத்தையும் பார்க்க வேண்டும். டார்வினை ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றிய பீகிள் கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். பிற்காலத்தில் இங்கிலாந்தின் வானிலை இலாகாவுக்கு அவர்தான் தலைவர். 1859-இல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் சிக்கி நானூறு பேருக்கு மேல் மாண்டார்கள். முன்னாலேயே எச்சரித்திருக்கலாமே என்ற வேதனையில் அவர் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக்கு ஏற்பாடு செய்தார். 1861 ஆகஸ்டில் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் மறுநாள் வானிலையைச் சொல்லத் தொடங்கினார். அதற்கு ஜோசியம் என்ற வாடை அடிக்காத ஒரு சொல் வேண்டுமென்று தேடி ‘ஃபோர்காஸ்ட்’ என்று பெயர் வைத்தவரும் அவரே. சரியாக இருந்த நாளில் ஒருவரும் நன்றி சொல்லவில்லை. தவறிய நாளில் பத்திரிகைகள் சிரித்தன. விஞ்ஞானிகள் முகம் சுளித்தார்கள். 1865-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். கடனும் மனத் தளர்ச்சியும் அதில் சேர்ந்திருந்தன. சிரிப்பு மட்டுமே கொன்றது என்று சொல்ல மாட்டேன். மறுவருஷம் எச்சரிக்கைகளை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகு, எங்களுக்கு அது வேண்டும் என்று குரல் எழுப்பியவர்கள் கடலுக்குப் போகிறவர்கள். தவறினால் உயிர் போகும் என்ற நிலையில் இருந்தவர்கள்தான், தவறக்கூடிய சொல்லுக்கும் மதிப்பு உண்டு என்பதை அறிந்திருந்தார்கள்.

ஏச்சுக்குப் பயந்தால் சொல்கிறவன் என்ன செய்வான் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் மழைக்கு 20 சதவீதம் என்று சொன்ன நாட்களில் உண்மையில் ஏறக்குறைய 5 சதவீத நாட்களில்தான் மழை பெய்தது என்று நேட் சில்வர் 2012-இல் வெளியான தம் புத்தகத்தில் எடுத்துக் காட்டினார். சொல்லாத மழை பெய்தால் ஜனங்கள் திட்டுவார்கள். சொன்ன மழை பெய்யாவிட்டால் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். ஆகவே கொஞ்சம் கூட்டிச் சொல்லிவைப்பது. கேட்கிறவனுக்குப் பிடித்ததைச் சொல்வது ஒரு பொய் என்றால், தன் தலை தப்புவதற்காகச் சொல்வது இன்னொரு பொய். நட்சத்திரம் பார்க்கிறவன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான்.

இத்தனையும் பேசிக்கொண்டிருந்தபோது ஆசிரிய நண்பர் என்னை மடக்கினார். “தனியாகப் போகிறவனுக்கு என்ன சார், மேகம் வந்தால் தூங்கிவிட்டு வருவான். நான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறேன்” என்றார். வருஷத்துக்கு ஒரு தரம், மாசி அமாவாசையை ஒட்டி, நாற்பது பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போகிறார். வேனுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் தலைக்கு 150 ரூபாய். அந்தப் பிள்ளைகளில் பல பேருக்குத் தாய் பீடி சுற்றுகிறவள். பத்து ரூபாயும் இருபது ரூபாயுமாகச் சேர்த்துக் கொடுத்த பணம். மேகம் வந்தால் வேன்காரர் வாடகையைத் திருப்பித் தரமாட்டார்.

இங்கே விஷயம் வேறு நிறம் கொள்கிறது. என் ஆசைக்கு என் இரவைப் பந்தயம் வைக்க எனக்கு உரிமை உண்டு. இன்னொருத்தி சுற்றிய பீடியைப் பந்தயம் வைக்க உண்டா? மூன்றாவது செயலியின் பச்சைக் கட்டத்தைக் காட்டி, ‘விஞ்ஞானமே சொல்லிவிட்டது’ என்று அவளிடம் சொல்வது என்ன வகை வார்த்தை? பொய்யில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியாத இரண்டு சிவப்புக் கட்டங்கள் தம் சட்டைப் பைக்குள் இருப்பது அவருக்குத் தெரியும்.

அவர் இந்த வருஷம் செய்ததைச் சொல்கிறேன். தை மாதத்திலேயே ஒரு கணக்கைத் தேர்ந்துகொண்டார். ஐரோப்பியக் கணக்கு. எது தெளிவு என்று சொல்லப்போகிறது என்பது தெரிவதற்கு முன்பே தேர்ந்துகொண்டதால், அதில் ஆசை புக இடமில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் மாலை அது சொன்னதை ஒரு பக்கமும், இரவு பத்து மணிக்கு மாடியில் ஏறிக் கண்ணால் கண்டதை மறு பக்கமும் எழுதிவந்தார். ஒன்றரை மாதத்தில் அதன் சுபாவம் பிடிபட்டது. தாழ்ந்த மேகத்தை அது குறைத்துச் சொல்கிறது. உயரத்து மேகத்தில் பரவாயில்லை. புதன்கிழமை மாலை அது சொல்வதை வைத்து முடிவு, அதற்குப் பிறகு வேறு எதையும் திறப்பதில்லை என்று சங்கல்பம். பெற்றோரைக் கூட்டி, “போகலாம் என்றுதான் தெரிகிறது. ஆனால் இது மாதிரி பத்து தரம் போனால் மூன்று தரமாவது ஒன்றும் தெரியாமல் திரும்ப வேண்டியிருக்கும். பணம் திரும்பாது. சம்மதம் உள்ளவர்கள் அனுப்புங்கள்” என்றார்.

இப்படிச் சொன்னால் யார் அனுப்புவார்கள் என்று நான் நினைத்தேன். தலைமையாசிரியரும் அப்படித்தான் சொன்னாராம். கொஞ்சம் நம்பிக்கையாகப் பேசக்கூடாதா என்று வருத்தப்பட்டாராம். நாற்பதில் ஆறு பேர் விலகினார்கள். ஒரு தாய் மட்டும், “பத்திலே ஏழா வாத்தியாரே? எங்க சீட்டுப் பணத்துக்கே அவ்வளவு நிச்சயம் கிடையாது” என்று சொல்லிப் பணத்தை எண்ணி வைத்தாள்.

அன்று இரவு பன்னிரண்டு மணி வரையில் மலையில் மேகம். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் போர்வைக்குள் சுருண்டார்கள். இரண்டு மணி சுமாருக்குத் தெற்கே திறந்தது. தென்சிலுவை நிமிர்ந்து நின்றது. தென்கிழக்கில் விருச்சிகம் முழுசாக ஏறியிருந்தது. எழுப்பியவுடன் எழுந்தவர்கள் பதினொரு பேர். மற்றவர்கள் புரண்டு படுத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் மறுபடி மூடிக்கொண்டது. நோட்டில் அந்த இரவுக்கு நேரே சரி என்று போடுவதா, தவறு என்று போடுவதா என்று அவர் என்னைக் கேட்டார். நேரத்தை எழுதிவைத்தால் போதும் என்றேன்.

எந்தச் செயலி என்று இன்னும் கேட்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். மூன்று நாளுக்கு முன்னால் விண்டியில் இரண்டு வெவ்வேறு அடுப்படிக் கணக்கைப் பார்க்கலாம். மணிக் கணக்கில் மேகத்தின் மட்டம் தெரிய கிளியர் அவுட்சைட். இடி மழை எச்சரிக்கைக்கு நம் வானிலைத் துறை 2020-இல் கொண்டுவந்த மௌசம். சித்திரை, வைகாசியில் மலைக்குப் போகிறவர்கள் அதை அலட்சியம் செய்யக்கூடாது. கிளம்பும் நாள் மாலையில் ஜோசியத்தை எல்லாம் மூடி வைத்துவிட்டு, இன்சாட் செயற்கைக்கோள் எடுத்த படத்தைப் பார்ப்பது உத்தமம். அரை மணிக்கொரு தரம் புதுப் படம் வருகிறது. அது வருங்காலம் சொல்வதில்லை; இப்போது மேகம் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று மட்டும் காட்டும். அந்தக் கண்ணுக்கும் ஒரு குறை உண்டு. இரவில் அது வெப்பத்தைக் கொண்டு பார்ப்பதால், தரைக்குப் பக்கத்தில் கிடக்கும் மேகமும் தரையும் அதற்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் எந்தச் செயலியும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வீட்டில் இருந்து புத்தகம் படிக்கலாம். கார்த்திகைக் கடைசியில் வரும் எரிநட்சத்திர மழையைக்கூட நம்மில் பாதிப் பேர் அதனால்தான் பார்த்ததில்லை.

தொழிலாகவே ஆகாயம் பார்க்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேறெங்கும் போக வேண்டாம். அதே ஜவ்வாது மலையில், காவலூரில், வைணு பாப்பு வானிலையம் இருக்கிறது. அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் வேலை செய்கிறது. இரண்டு பருவமழையும் அந்த மலையைத் தொட்டுவிட்டுப் போகின்றன. அதிகத் தெளிவான இரவுகள் வேண்டுமென்று அந்த நிறுவனத்தார் லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், சுமார் 4500 மீட்டர் உயரத்தில், இன்னொரு தொலைநோக்கியை நிறுவினார்கள். நல்ல முன்னறிவிப்பைத் தேடிப் போகவில்லை. நல்ல வானத்தையே தேடிப் போனார்கள். இருந்தாலும் காவலூரை விட்டுவிடவில்லை. பெரிய தொலைநோக்கிகளில் ஆராய்ச்சியாளர்களுக்கு இரவுகளை மாதக் கணக்கில் முன்னதாகவே பங்கிட்டுக் கொடுத்துவிடுவது வழக்கம். உங்கள் இரவில் மேகம் வந்தால் அந்த இரவு போயிற்று. அடுத்த இரவு அடுத்தவருடையது. ஆகவே மேகம் மூடியிருந்தாலும் யாரும் படுக்கப் போவதில்லை. கூரையைச் சாத்திவிட்டு, காற்றில் ஈரம் எவ்வளவு என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டு, விழித்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். நடுநடுவே ஒருவர் எழுந்து கதவைத் திறந்து வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார்.